கரை சேராத கப்பல்

பொருள் சிறிதாக இருந்தால் அதனால் விளையும் மனத்தாங்கலும் சிறிதாகவே இருக்கும் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு அந்த எண்ணம் பொய்யாயிற்று. கணினித் திரையின் உச்சியில் மிளகளவே இடம் பிடிக்கும் ஒரு படம், நமக்கும் நம் தங்கை வீட்டாருக்கும் இடையே மூன்று வாரம் பேச்சற்றுப் போகச் செய்தது. அந்தப் படம் தோன்றாமற் போனதற்கு யார் காரணம் என்று தேடப் புறப்பட்ட நாம், எங்கெங்கோ சுற்றி எந்த வாசலில் வந்து நின்றோம் என்பதை மறைக்காமல் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது. வெட்கம் நம்முடையது, பயன் படிப்பவர்களுடையதாக இருக்கட்டும்.

வாப்பாவின் முத்திரை

நம் வாப்பா நாகூரில் ஒரு சிறிய அச்சுக்கூடம் நடத்தி வந்தார்கள். காலால் மிதித்து இயக்கும் டிரெடில் பொறி ஒன்று. எழுத்துப் பெட்டிகள் வைத்த சாய்வு மேசைகள் இரண்டு. மை மணமும் மண்ணெண்ணெய் மணமும் கலந்த ஒரு நீண்ட அறை. திருமண அழைப்பிதழ்களும் கடைகளுக்கான ரசீதுப் புத்தகங்களுமே அன்றாட வருவாய்க்கு வழி. அவற்றுக்கிடையே, ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த புலவர்களும் ஆசிரியர்களும் எழுதிக் கொண்டு வந்து தரும் சிறு நூல்களை, இலாபம் வருமா என்று பாராமல் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அச்சான தாள்களை மடித்துத் தைக்கும் வேலை வீட்டில் உம்மாவுக்கு. ஊசியும் நூலுமாக உம்மா உட்கார்ந்திருக்க, நாமும் தங்கையும் பக்க எண் பார்த்துத் தாள்களை அடுக்கித் தருவோம்.

அந்நூல்கள் ஒவ்வொன்றின் முகப்பிலும், அடிப்பகுதியில், வட்டத்துக்குள் ஒரு கப்பல் இருக்கும். மூன்று பாய் விரித்த மரக்கலம். மரக்கட்டையில் செதுக்கிய அந்த அச்சு இன்றும் உம்மாவின் அலமாரியில் துணியில் சுற்றிய நிலையில் இருக்கிறது. நூலை எழுதியவர் ஒருவர், பணம் போட்டவர் ஒருவர். இதில் நம் கப்பல் எதற்கு என்று சிறு வயதில் ஒரு நாள் வாப்பாவிடம் கேட்டோம். “கருத்து எழுதினவங்களுடையது. அச்சுப் பிழை வந்தா அது மட்டும்தான் நம்மளுடையது. யாருடைய பிழைன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியணுமில்லே? அதுக்குத்தான் கப்பல்” என்றார்கள்.

முத்திரை என்பது பெருமைக்காக இடுவது என்றுதான் உலகம் நினைக்கிறது. வாப்பாவுக்கோ அது பொறுப்பை ஏற்கும் கையொப்பம். அச்சுக் கலைஞர்கள் தத்தம் நூல்களில் சின்னம் பொறிக்கும் வழக்கம் மிகப் பழையது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் என்பார் 1502ஆம் ஆண்டிலிருந்து நங்கூரத்தைச் சுற்றி வளைந்த டால்பின் மீனைத் தம் நூல்களுக்கு அடையாளமாக்கினார். அந்தப் பெரும் அச்சகத்தை வாப்பா அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் இருவர் செயலும் ஒன்றுதான்.

அச்சுக்கூடம் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. நூல்களில் பல கறையானுக்கு இரையாயின. எஞ்சியவற்றையேனும் படமெடுத்து ஒரு வலைத்தளத்தில் வைத்துவிட்டால், எந்த ஊரில் இருப்பவரும் படிக்கலாமே என்ற ஆவல் சென்ற ஆண்டு நமக்குப் பிறந்தது. கணினிப் படிப்புப் படித்துச் சென்னையில் வேலை பார்க்கும் நம் தங்கை மகனிடம் சொன்னோம். “நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா” என்று ஒரே சொல்லில் பொறுப்பேற்றுக்கொண்டார். சர்வர் என்று சொல்லப்படும் வழங்கிக் கணினியில் தம் சொந்தச் செலவில் இடம் பிடித்து, லினக்ஸ் இயங்குதளமும் எஞ்சின்எக்ஸ் என்னும் வழங்கி மென்பொருளும் அமைத்து, கோப்புகளை எவ்வாறு ஏற்றுவது, பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார். அந்தத் தாளை நாம் பத்திரமாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்தோம். வைத்ததோடு சரி.

256 கட்டங்கள்

வலைத்தளம் ஒன்றைத் திறக்கும்போது, உலாவியின் மேற்பகுதியில் அதன் பெயருக்கு இடப்புறம் ஒரு சின்னம் தெரிவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். அதற்குப் ‘பேவிகான்’ என்று பெயர். 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் ஐந்தாம் பதிப்பில்தான் இது முதன்முதலாக வந்தது. விருப்பமான தளங்களை ஒருவர் குறித்து வைக்கும்போது, அந்தப் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் அடையாளம் இருக்கட்டும் என்று ஏற்படுத்தியது அது. தளத்தின் தலைவாசலில் ‘பேவிகான் டாட் ஐகோ’ என்னும் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று உலாவி தானே சென்று கேட்கும். இருந்தால் எடுத்துக் காட்டும். இல்லையேல் வேறொரு பொதுப் படத்தை வைத்துவிடும்.

வாப்பாவின் கப்பல் இந்த இடத்துக்கென்றே பிறந்தது போலிருந்தது. ஆனால் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். மொத்தம் 256 கட்டங்களுக்குள் மூன்று பாய்களும் வட்டமும் அலையும் எவ்வாறு அடங்கும்? 1984இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் என்னும் அம்மையார், முதலில் கட்டம் போட்ட தாளில்தான் வரைந்து பார்த்தார் என்று படித்திருந்தோம். நாமும் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கட்டத்தாள் வாங்கி, பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பினோம். வட்டம் போயிற்று. அலை ஒரு கோடாயிற்று. மூன்று பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகத் தெரிந்ததால், ஒன்றை நீக்கி இரண்டாக்கினோம். கடைசியில் கப்பல் என்று சொல்லத்தக்க ஓர் உருவம் கிடைத்தது. அதைக் கணினியில் அமைத்து, நம் வீட்டுக் கணினியில் இருந்த தளத்தின் படிவத்தோடு சேர்த்துப் பார்த்தோம். உலாவியின் உச்சியில் கப்பல் மிதந்தது! கண் நிறைந்துவிட்டது. அன்றிரவே வழங்கியில் ஏற்றினோம்.

மறுநாள் தளத்தைத் திறந்தோம். கப்பல் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை உலகப் படம் இருந்தது. பெயரில்லாதவர்களுக்கெல்லாம் உலாவி தரும் பொதுப்படம் அது.

வெள்ளிக்கிழமைப் பேச்சு

பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தோம், வரவில்லை. பத்து முறை புதுப்பித்தோம். படத்தை அழித்து மீண்டும் ஏற்றினோம். ஏற்றும் மென்பொருளில் இருந்த விருப்பங்களில், பொருள் தெரியாமலேயே சிலவற்றை மாற்றிப் பார்த்தோம். பக்கத்தின் உள்ளே, சின்னம் இருக்கும் முகவரியைச் சுட்டும் வரியைத் திருத்தி எழுதினோம். ஒன்றைச் செய்து அதன் விளைவைப் பார்ப்பதற்குள் அடுத்ததைச் செய்தோம். இப்படியே ஒரு வாரம் ஓடிற்று. உலக உருண்டை அசையவில்லை.

அப்போது நம் மனத்தில் ஒரு தருக்கம் உருவாயிற்று. நம் வீட்டுக் கணினியில் கப்பல் வருகிறது. வழங்கியில் வரவில்லை. ஆகவே பழுது வழங்கியில்தான் இருக்கிறது. வழங்கியை அமைத்தவர் மருமகன். ஆகவே பழுது அவருடையது. கேட்பதற்கு இது எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! தவறான முடிவுகள் பெரும்பாலும் இப்படி நேர்த்தியான உடை உடுத்திக்கொண்டுதான் வருகின்றன.

அந்த வார வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து குடும்பத்தார் எல்லோரும் உம்மா வீட்டில் சாப்பிட அமர்ந்திருந்தோம். தளத்தைக் கைப்பேசியில் காட்டச் சொன்ன உம்மா, நூல்களின் முகப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “கப்பலை மேலே வெக்கிறேன்னு சொன்னியே, எங்கே?” என்று கேட்டார்கள். நாம் சொன்ன விடையை இன்று எழுதவும் கை கூசுகிறது. “உங்கள் பேரன் வைத்த வழங்கி வாப்பாவின் கப்பலை ஏற்கமாட்டேன் என்கிறது. காசு வாங்காமல் செய்யும் வேலை இப்படித்தான் இருக்கும்” என்றோம். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தோம் போலும். எவரும் சிரிக்கவில்லை. சோற்றுத் தட்டை ஏந்தி வந்த தங்கை அதை நம் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றுவிட்டார்.

அன்று மாலை மருமகனே தொலைபேசியில் அழைத்தார். ஸலாம் சொல்லிவிட்டு, “மாமா, அந்தப் பிழைப் பதிவேட்டில்...” என்று தொடங்கினார். “பதிவேடு பார்ப்பது என் வேலையா, உன் வேலையா?” என்று இடைமறித்தோம். சற்று நேரம் அமைதி. “சரி மாமா” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் அவரும் அழைக்கவில்லை, நாமும் அழைக்கவில்லை. தங்கை வீட்டிலிருந்து வழக்கமாக வரும் சேதிகளும் நின்றன.

பதிவேட்டின் சாட்சியம்

உறக்கம் வராத ஓர் இரவில் வாப்பாவின் அச்சுக்கூடம் நினைவுக்கு வந்தது. பார்வைப் படியில் ஓர் எழுத்து விழவில்லை என்றால், புதிதாகச் சேர்ந்த பையன்கள் உடனே எழுத்துக் கோத்தவரைத்தான் ஏசுவார்கள். வாப்பா ஏசியதில்லை. முதலில் எழுத்து அதன் இடத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். இருந்தால், தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு உருளை அதன்மேல் மை தடவுகிறதா என்பது. அதற்கும் பிறகு, தாளுக்குப் பின்னால் கொடுத்திருக்கும் காகித அணை அந்த இடத்தில் தணிந்திருக்கிறதா என்பது. ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே அடுத்ததற்குச் செல்வார்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது ஒருநாளும் தெரியாது என்பார்கள்.

எழுந்து விளக்கைப் போட்டோம். இழுப்பறையில் இருந்த மருமகனின் தாளை முதன்முறையாக முழுமையாகப் படித்தோம்.

சின்னம் திரையில் தோன்ற மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். உலாவி அதைக் கேட்க வேண்டும். வழங்கி அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை உலாவி காட்ட வேண்டும். இம்மூன்றில் எது தவறியது என்று அறியாமல் நாம் மூன்றையும் கலக்கிக்கொண்டிருந்தோம். எனவே முதலில், பக்கத்தைத் திறக்காமல், சின்னத்தின் முழு முகவரியை மட்டும் உலாவியில் தட்டினோம். 404 என்ற எண் வந்தது.

வழங்கி தரும் விடைகளுக்கெல்லாம் எண்கள் உண்டு. கேட்ட பொருள் இருக்கிறது, இதோ தந்தேன் என்றால் 200. அப்படி ஒன்று இல்லை என்றால் 404. தர மறுக்கிறேன் என்றால் 403. ஆக, உலாவி கேட்கிறது. வழங்கியும் விடை சொல்கிறது. ‘அப்படி ஒன்று என்னிடம் இல்லை’ என்று சொல்கிறது. நாம் கண்ணால் பார்த்து ஏற்றிய கோப்பை இல்லை என்று அது எப்படிச் சொல்லலாம்?

மருமகன் குறித்திருந்த பிழைப் பதிவேட்டைத் திறந்தோம். முதல் நாளிலிருந்து அன்றிரவு வரை, உலாவி சின்னத்தைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் நாளும் நேரமும் இட்டு ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. இன்ன இடத்தில், இன்ன பெயரில் தேடினேன்; அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று, கோபமோ சலிப்போ இல்லாமல் வரிக்கு வரி அதே சாட்சியம். அதில் இருந்த பெயரையும், அடைவில் நாம் வைத்த கோப்பின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். பதிவேட்டில் பெயரின் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய எஃப். நம் கோப்பில் பெரிய எஃப்!

வாப்பாவின் பெயருக்குரிய கோப்பு என்ற மரியாதையால், நாமேதான் முதல் எழுத்தைப் பெரிதாக இட்டிருந்தோம். நம் வீட்டுக் கணினியில் இருப்பது விண்டோஸ். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்பின் பெயரில் அது வேறாகக் கருதாது; எப்படிக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும். வழங்கியில் இருப்பது லினக்ஸ். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். வீட்டில் வந்தது, அங்கே வரவில்லை, ஆகவே பழுது அங்கே என்று நாம் கட்டிய தருக்கம் இந்த ஓர் எழுத்தில் இடிந்து விழுந்தது. பழுது முதலிலிருந்தே வீட்டில்தான் இருந்தது. வீட்டுக் கணினி அதைப் பெருந்தன்மையால் மூடி வைத்திருந்தது. மூடி வைக்காமல் உண்மையைச் சொன்ன வழங்கியைத்தான் நாம் பழித்தோம்.

இன்னொன்றையும் அத்தாளில் கண்டோம். சின்னம் வைக்காத தளங்களையும் உலாவிகள் தாமாகவே சின்னம் கேட்டுத் தொல்லை செய்வதால், பதிவேடு இத்தகைய வரிகளால் நிறைந்துவிடும். ஆகையால் பல நிர்வாகிகள் இந்த ஒரு கோப்புக்கு மட்டும் பதிவு செய்வதை நிறுத்தி வைப்பதுண்டு. மருமகன் அதைக் குறிப்பிட்டு, “நீங்கள் பார்ப்பதற்கு உதவும் என்று நிறுத்தாமல் விட்டிருக்கிறேன், மாமா” என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை இரண்டாம் முறை படிக்க நம்மால் இயலவில்லை.

பூட்டிய அலமாரியும் மறவாத உலாவியும்

பெயரைத் திருத்தினோம். 404 மறைந்தது, 403 வந்தது. கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்க அனுமதி இல்லை என்று பதிவேடு இப்போது வேறு வரி எழுதிற்று. இதற்கும் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், அவருடைய குழுவினர், மற்றவர் என மூவகையாருக்குத் தனித்தனி அனுமதி உண்டு. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று எண் கொடுத்துக் கூட்டிச் சொல்வார்கள். நம் கோப்பு 600 என்ற நிலையில் இருந்தது. உரியவர் படிக்கலாம், எழுதலாம். ஏனையோர் தொடவும் கூடாது என்பது அதன் பொருள். வழங்கி மென்பொருளோ வேறொரு பெயரில் இயங்குவது. அது ‘மற்றவர்’ வகையைச் சேர்ந்தது. நூலகத்துக்கென்று வாங்கிய நூலை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கதைதான். பதற்றத்தில் ஏற்றும் மென்பொருளின் விருப்பங்களை மாற்றினோம் என்று சொன்னோம் அல்லவா, அதன் விளைவு இது. முதலில் இருந்த பழுது ஒன்று. நம் அவசரம் அதன்மேல் அடுக்கியது இரண்டாவது. அனுமதியை 644 ஆக்கினோம். 200 வந்தது. வெள்ளைத் திரையில் வாப்பாவின் கப்பல் தனியே நின்றது.

ஆவலோடு தளத்தைத் திறந்தோம். அப்போதும் உலக உருண்டைதான்!

முன்பாக இருந்தால் மீண்டும் வழங்கியை ஏசியிருப்போம். இப்போது அதற்கு வழியில்லை. 200 என்று அது சொல்லியாயிற்று. கேட்டதும் கொடுத்ததும் சரியென்றால் காட்டுவதில்தான் குறை. வழங்கிக்கு முன்பின் அறிமுகமில்லாத வேறொரு கைப்பேசியில் திறந்தோம், கப்பல் வந்தது. உலாவிகள் இச்சின்னங்களைத் தனி ஓரிடத்தில் சேமித்து வைக்கின்றன. பக்கத்தைப் புதுப்பித்தாலும் அந்தச் சேமிப்பு உடனே மாறுவதில்லை. ‘இத்தளத்துக்குச் சின்னம் இல்லை’ என்று நம் உலாவி முன்னர் அறிந்ததையே நம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னத்தின் முகவரியைச் சுட்டும் வரியில், பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் பதிப்பு எண்ணும் சேர்த்தால், உலாவி அதைப் புதிய முகவரியாகக் கருதித் திரும்பவும் கேட்கும். அவ்வாறு செய்தோம், முகப்புப் பக்கத்தில் கப்பல் வந்து நின்றது.

நூல்கள் உள்ள உட்பக்கங்களில் மட்டும் வரவில்லை. இதற்கும் பதிவேடே விடை சொன்னது. முகவரியின் தொடக்கத்தில் இட வேண்டிய சாய்கோட்டை நாம் விட்டிருந்தோம். அக்கோடு இருந்தால், தளத்தின் தலைவாசலில் தேடு என்று பொருள். இல்லையேல், இப்போது எந்த அடைவில் இருக்கிறாயோ அங்கேயே தேடு என்று பொருள். உட்பக்கங்களில் உலாவி நூல் அடைவுக்குள் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தது. சாய்கோட்டை இட்டோம். எல்லாப் பக்கங்களிலும் கப்பல் மிதந்தது.

பறவைகள் ஒலிக்கும் வேளை ஆகியிருந்தது. பழுதுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். பெயரில் பெரிய எழுத்து, படிக்க விடாத அனுமதி, விடுபட்ட சாய்கோடு. எதிரே ‘யாருடையது’ என்று ஒரு பத்தி வகுத்து நிரப்பினோம். மூன்றுக்கும் நேரே ஒரே பெயர்தான் வந்தது. உலாவியின் பழைய நினைவு எவருடைய பழுதும் அன்று. முதல் நாளே நாம் பெயரைச் சரியாக இட்டிருந்தால் அதற்கும் இடமிருந்திராது. மருமகனின் பெயரை எழுதுவதற்கு அத்தாளில் எங்கும் இடமில்லை.

சபையில் சொன்னதைச் சபையில்

விடிந்ததும் மருமகனை அழைத்தோம். ஸலாம் சொன்ன குரலில் பழைய கலகலப்பு இல்லை. ஆயினும் மரியாதை குறையவில்லை. நடந்ததைச் சொன்னோம். “பெரிய எஃப் தானே மாமா?” என்று கேட்டார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“முதல் நாளே பதிவேட்டில் பார்த்தேன். சொல்லத்தான் அன்றைக்கு அழைத்தேன். நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள்.”

“நீயே பெயரை மாற்றியிருக்கலாமே, தம்பி.”

“மாற்றியிருக்கலாம். நீங்கள் வரைந்து நீங்கள் வைத்த படம், மாமா. கேட்காமல் தொட மனம் வரவில்லை.”

மன்னிக்கும்படி கேட்டோம். “அதெல்லாம் எதற்கு மாமா” என்று அவர் பேச்சை மாற்ற முயன்றார். நாம் விடவில்லை. தொலைபேசியில் தனியே கேட்கும் மன்னிப்பு, பலர் கூடியிருந்த இடத்தில் போட்ட பழிக்கு ஈடாகாது. கூட்டத்தில் ஒருவர்மேல் எறிந்த சேற்றை, ஆள் இல்லாத வேளையில் வந்து துடைப்பது துடைத்ததாகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கு வந்தபோது, உம்மா வீட்டில் எல்லோரையும் அழைத்து, நாம் எழுதிய தாளை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். பெரிய எஃப் என்ன, சிறிய எஃப் என்ன என்பது அங்கிருந்த பலருக்கு விளங்கியிராது. எதிரே இருந்த பத்தியில் யார் பெயர் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் உள்ளிருந்து தேநீர் வந்தது. நமக்குப் பிடித்தவாறு இஞ்சி தட்டிப் போட்டிருந்தது.

பிழை தம்முடையது என்று வாசகர்கள் அறிவதற்காகக் கப்பலை அச்சிட்டவர்களின் பிள்ளை நாம். அதே கப்பலை வைக்கப் புகுந்த இடத்தில், நம் பிழையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று வாரமும் கப்பல் வராமல் போனதில் ஒரு நியாயம் இருந்ததாகவே இப்போது படுகிறது.

உம்மாவுக்குக் கப்பலைக் காட்ட வேண்டும் அல்லவா? உலாவியின் உச்சியில் உள்ளதை அவர்கள் கண்ணால் பிரித்தறிய இயலாது. கைப்பேசியின் முகப்பில் பதித்து வைப்பதற்கென்று 180 புள்ளி அகலத்தில் பெரிதாக ஒரு சின்னமும் அமைக்கலாம் என்று சொல்லி, மருமகன் அங்கேயே அமர்ந்து நம் வரைபடத்தைப் பெரிதாக்கிச் செய்து கொடுத்தார். உம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு நம் பக்கம் திரும்பினார்கள்.

“பாய் ஒண்ணு குறையுதே. உங்க வாப்பா கப்பலுக்கு மூணு பாயில்லே?”

மருமகன் நம்மைப் பார்த்தார். நாம், “அது என் பிழைதான் உம்மா. நான்தான் எடுத்தேன்” என்றோம். இம்முறை எல்லோரும் சிரித்தார்கள்.